சிகரெட்டை நிறுத்த ஆகும் செலவு

கடைசி சிகரெட்டை அணைத்த 2 மணி நேரத்தில் ரத்தத்தில் இருந்த நிகோடினில் ஏறத்தாழப் பாதி கழிந்துவிடும். 4 மணி நேரத்தில் கால் பங்கு மிஞ்சும். 8 மணி நேரம் தூங்கி எழும்போது இருப்பது பதினாறில் ஒரு பங்கு. விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே கை தீப்பெட்டியைத் தேடுவது இதனால்தான். மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் போனால் உடம்பில் நிகோடின் என்று சொல்ல எதுவும் இருக்காது. ஆனால் தவிப்பு உச்சத்துக்குப் போவது அந்த இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான்.

புகையின் கேட்டைச் சொல்லும் எண்கள் நம்மிடம் ஏராளம். 2016 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் சிகரெட் பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படமும் வாசகமும்தான் பிடித்திருக்கின்றன. நிறுத்தினால் எத்தனை நாள் பாடு, அந்தப் பாடு எந்த நாளில் இறங்கும், மருந்துக்கு எவ்வளவு பணம் பிடிக்கும் என்ற எண்களை அவ்வளவு பரவலாக யாரும் சொல்வதில்லை. இருபது வருடம் கழித்து வரக்கூடிய புற்றுநோயைவிட, நாளைக் காலை அந்த ஒன்றைப் பற்ற வைக்காமல் எப்படி இருப்பது என்ற பயம்தான் புகைப்பவரை அதிகம் ஆட்டுகிறது என்பது என் எண்ணம். அந்தப் பயத்துக்குக் கணக்கு எழுத முடியும். இது அந்தக் கணக்கு.

முதலில் உள்ளே போவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு சிகரெட்டின் புகையிலையில் 10 முதல் 14 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். அதில் உடம்பு எடுத்துக்கொள்வது 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். அளவு சிறியது, வேகம்தான் பெரிது. இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 விநாடி போதும். ஊசி போட்டால்கூட இவ்வளவு விரைவாகப் போகாது. ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 10 இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 சிகரெட் பிடிப்பவர் ஒரு நாளில் 100 முறை, ஓர் ஆண்டில் 36,500 முறை, 20 ஆண்டில் 7,30,000 முறை இழுக்கிறார். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை கை வாய்க்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சில விநாடியில் மூளைக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஒருவர் வாழ்நாளில் இத்தனை முறை செய்து பழகிய வேறு செயல் அரிதாகத்தான் இருக்கும். ‘மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்’ என்று புகை பிடிக்காதவர்கள் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மனசுக்கு எதிரே நிற்பது ஏழு லட்சம் முறை பெற்ற பயிற்சி.

அந்தப் பயிற்சி மூளையில் தடயம் விட்டிருக்கிறது. நிகோடின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் புகைப்பவரின் மூளையில் எண்ணிக்கையில் கூடிவிடுகின்றன. நிறுத்தியதும் அத்தனையும் காலியாக நின்று கேட்கின்றன. எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் அந்தக் கேட்டலின் வெளித் தோற்றம். மூளைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின்படி, இந்த ஏற்பிகள் புகைக்காதவரின் அளவுக்கு இறங்க 6 முதல் 12 வாரம் ஆகிறது. நிகோடின் மூன்று நாளில் போய்விட்டாலும் பாடு நீள்வதற்குக் காரணம் இதுதான்.

இதே ஆய்வு வழியில் வந்த இன்னோர் எண்ணை ஒவ்வொருவரும் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு இழுப்பு போதும், முக்கியமான அந்த ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடும். ஒரு முழு சிகரெட் 88 சதவீதத்தை நிரப்பிவிடும். இருபது நாள் தாக்குப்பிடித்தவர், கல்யாண வீட்டு வாசலில் நண்பன் நீட்டியதை ‘ஒரே ஒரு இழுப்பு’ என்று வாங்கினால், அது ஒரு இழுப்பின் அளவில் நிற்காது.

உடம்பு கொடுக்கும் பாடு

லண்டன் பேராசிரியர் மார்ட்டின் ஜார்விஸ் 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை ஒன்றில், நிறுத்துபவர்களுக்கு எது எத்தனை பேருக்கு வருகிறது, எவ்வளவு காலம் இருக்கிறது என்று ஒரு சிறிய அட்டவணை கொடுத்திருந்தார். நூறு பேர் நிறுத்தினால்:

தலை லேசாகச் சுற்றுவது: 10 பேருக்கு, 2 நாளுக்குள் தீரும்.
இரவில் விழிப்பு வருவது: 25 பேருக்கு, ஒரு வாரத்துக்குள்.
கவனம் நிற்காமல் போவது: 60 பேருக்கு, 2 வாரத்துக்குள்.
எரிச்சல், கோபம்: 50 பேருக்கு, 4 வாரத்துக்குள்.
நிலைகொள்ளாமை: 60 பேருக்கு, 4 வாரத்துக்குள்.
மனச்சோர்வு: 60 பேருக்கு, 4 வாரத்துக்குள்.
சிகரெட் ஏக்கம்: 70 பேருக்கு, 2 வாரத்துக்கு மேல்.
கூடுதல் பசி: 70 பேருக்கு, 10 வாரத்துக்கு மேல்.

இந்த எட்டு வரியை வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கலாம் என்பேன். எரிச்சல் நூற்றில் 50 பேருக்கு வருகிறது என்றால் மீதி 50 பேருக்கு வருவதில்லை. எல்லாப் பாடும் எல்லோருக்கும் வரும் என்று எண்ணிக்கொண்டு தள்ளிப்போடுபவர்களுக்கு இது முதல் செய்தி. இரண்டாவது செய்தி கால அளவு. எட்டில் ஆறு தொல்லைகள் நான்கு வாரத்துக்குள் தீர்ந்துவிடுகின்றன. அதைத் தாண்டி நீள்வது ஏக்கமும் பசியும்தான். ஏக்கமும் முதல் வாரத்தில் இருந்த பலத்தோடு நீள்வதில்லை. வருவது குறையும், வந்தாலும் மங்கலாக வரும்.

வீட்டில் இருப்பவர்களும் இந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு சின்ன விஷயத்துக்கு அவர் கத்துவார். ‘இப்படி எரிஞ்சு விழறதுக்கு நீங்க அந்தச் சிகரெட்டையே குடிச்சுத் தொலைங்க’ என்று மனைவி வாயிலிருந்து வந்துவிடும். பலர் திரும்பப் பற்ற வைக்க அந்த ஒரு வாக்கியமே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. நிறுத்தும் தேதியை முன்கூட்டியே வீட்டில் சொல்லி, நாலு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். தேதி தெரிந்த பாட்டை வீடும் தாங்கிக்கொள்ளும்.

அட்டவணையில் இல்லாத இரண்டைச் சேர்க்கிறேன். ‘ஒரு தம் போட்டாத்தான் வெளிக்கு வரும்’ என்று சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். அது வெறும் மனப்பழக்கம் இல்லை. நிகோடின் குடலை முடுக்கும். நிறுத்துபவர்களில் ஆறில் ஒருவருக்கு மலச்சிக்கல் வருகிறது. எழுந்ததும் இரண்டு தம்ளர் வெந்நீர், கீரை, வாழைப்பழம், கொய்யா என்று முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இன்னொன்று வாய்ப்புண். ஐந்தில் இருவருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். உடம்புச் சூடு என்று எண்ணுவார்கள். சிகரெட்டை விட்டதும்தான் புண் வந்தது என்று கண்டுபிடித்து பயந்துபோவார்கள். அது நிறுத்தியதன் விளைவுதான், ஆறிவிடும்.

ஐந்து நிமிடங்களின் கூட்டல்

தவிப்பு நாள் முழுக்க ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அலை அலையாக வரும். ஓர் அலை 3 முதல் 5 நிமிடம். சிகரெட்டைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். புகைப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் அவர் ஒவ்வொரு முறையும் அலை ஏறும்போதே பற்ற வைத்துவிடுகிறார்.

நாளுக்குப் பத்து சிகரெட் பிடித்தவருக்கு, அந்தப் பத்து வேளையிலும் ஓர் அலை வருகிறது, ஒவ்வொன்றும் முழு ஐந்து நிமிடம் நிற்கிறது என்று வைப்போம். நாளுக்கு 50 நிமிடம். 21 நாளும் ஒன்றுகூடக் குறையவில்லை என்று வைத்தாலும் மொத்தம் 1,050 நிமிடம், அதாவது 17 மணி 30 நிமிடம். அதே 21 நாளில், ஒரு சிகரெட்டுக்கு ஆறு நிமிடம் என்ற கணக்கில் அவர் புகைப்பதற்குச் செலவழித்திருக்கக்கூடிய நேரம் 21 மணி. புகைப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைந்த நேரம்தான் தவிப்புக்குப் போகிறது. தவிப்பின் ஐந்து நிமிடம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிடத்தைப் போலக் கழியாது என்பது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடத்தைக் கடப்பது முடியும். ‘இனிமேல் ஆயுசுக்கும் கிடையாது’ என்று நினைத்துக்கொண்டு அதைக் கடப்பதுதான் முடியாது.

அந்த ஐந்து நிமிடத்துக்குக் கையிலும் வாயிலும் ஏதாவது வேலை இருக்க வேண்டும். ஏலக்காய், கிராம்பு, சோம்பு, ஒரு துண்டு நெல்லிக்காய், ஒரு பாட்டில் தண்ணீர், தெருமுனை வரை ஒரு நடை. எதுவானாலும் சட்டைப் பையில் முதல் நாள் இரவே வைத்திருக்க வேண்டும். அலை வந்த பிறகு பெட்டிக்கடைக்குப் போய் ஏலக்காய் தேடினால் அங்கே கண்ணில் படுவது வேறொன்று.

டீக்கடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டீயும் சிகரெட்டும் ஒரே ஆர்டர். பழக்கத்தின் கண்ணி என்பதைத் தாண்டி இதில் வேதிக் கணக்கும் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. நிறுத்திய சில நாளில் கல்லீரல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அதே அளவு காப்பி குடித்தால் ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறி நிற்கக்கூடும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை கூடுதல் காஃபீனின் அறிகுறிகள். நிகோடின் விலகலின் அறிகுறிகளும் இவையே. நாளுக்கு ஆறு டீ, காப்பி குடிப்பவர் நிறுத்தும் நாளிலிருந்து மூன்றாகக் குறைத்துக்கொண்டால், சிகரெட் மேல் எழுதப்படும் பாட்டில் ஒரு பகுதி தானாகவே குறையும். காசு செலவே இல்லாத வழி இது, இதைச் சொல்பவர்கள்தான் குறைவு. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநோய்க்கு குளோசபின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இதே காரணத்தால் மருந்தின் அளவே மாற வேண்டியிருக்கும். அவர்கள் நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எடை கூடும் என்ற பயமும் பொய்யில்லை. மருந்தின் துணையின்றி நிறுத்தியவர்களை அளந்த ஆய்வுகளை 2012-இல் தொகுத்தபோது கிடைத்த சராசரி: ஒரு மாதத்தில் 1.1 கிலோ, இரண்டு மாதத்தில் 2.3, மூன்று மாதத்தில் 2.9, ஆறு மாதத்தில் 4.2, ஓர் ஆண்டில் 4.7. சராசரிக்குள்ளே பெரிய வேறுபாடு இருக்கிறது. நூற்றில் 16 பேருக்கு எடை குறைந்திருந்தது. 13 பேருக்கு 10 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. நான்கைந்து கிலோவைப் பிறகு நடந்து குறைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதத்தில் உணவையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது இரண்டு சண்டையை ஒரே நேரத்தில் போடுவது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணக் கணக்கு

சில்லறையாக ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வாசகர் தன் பிராண்டின் விலையைப் போட்டுக்கொள்ளலாம். நாளுக்குப் பத்து என்றால் 200 ரூபாய். மாதத்துக்கு 6,000. ஆண்டுக்கு 73,000. விலை ஒரு ரூபாய்கூட ஏறாது என்று எடுத்துக்கொண்டாலும் 20 ஆண்டில் 14,60,000.

மறுபக்கம் நிகோடின் சூயிங்கம். இதன் பிறப்பு நீர்மூழ்கிக் கப்பலில். கப்பலுக்குள் புகைக்க முடியாத ஸ்வீடன் கடற்படையினர் மெல்லும் புகையிலைக்கு மாறிச் சமாளிப்பதை 1960-களின் இறுதியில் கவனித்த கிளேஸ் லுண்ட்கிரென் என்ற ஆய்வாளர், ஹெல்சிங்போர்க் நகரில் மருந்து நிறுவனத்தில் இருந்த நண்பர் ஊவே ஃபெர்னோவுக்கு அதை எழுதினார். ஃபெர்னோ உருவாக்கிய சூயிங்கம் 1984-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் நிகோடின் மாற்று மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசியப் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. 2 மில்லிகிராம் சூயிங்கம் இந்தியாவில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும்.

யாருக்கு எது? காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான் அளவுகோல். அரை மணிக்குள் என்றால் 4 மில்லிகிராம். அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். அடிமைத்தனத்தை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையில் ஆறு கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண். எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் பற்ற வைப்பவருக்கு அந்த ஒரு கேள்விக்கே 3 மதிப்பெண் ஏறிவிடுகிறது.

பயன்படுத்தும் அட்டவணை 12 வாரம். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு முறையே 10, 5, 3 என்று எடுத்தால் 420, 105, 63, மொத்தம் 588. ஒன்று 12 ரூபாய் என்று வைத்தால் 7,056 ரூபாய். அதே 84 நாளில் 840 சிகரெட்டுக்கு ஆகியிருக்கும் பணம் 16,800. மிச்சம் 9,744. மருந்துக்குக் கொடுத்த பிறகும் கையில் நிற்கும் பணம் இது.

‘சூயிங்கம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல’ என்பவர்களிடம் நாளுக்கு எத்தனை என்று கேட்டால், இரண்டு மூன்று என்பார்கள். பத்து சிகரெட் தந்த நிகோடினை மூன்று சூயிங்கம் ஈடுகட்ட முடியாது. 2 மில்லிகிராம் சூயிங்கத்திலிருந்து உடம்பு எடுப்பது ஏறத்தாழப் பாதிதான். அதுவும் மெதுவாக, உச்சத்துக்குப் போக அரை மணி ஆகும். சிகரெட் தரும் சுரீர் என்ற வேகம் இதில் வராது. வரக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. இன்னொரு தவறு மெல்லும் விதத்தில். மிட்டாய் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். நாலைந்து முறை மென்று, காரம் தெரிந்ததும் வெற்றிலை அடக்குவது போலக் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி வரை இப்படி. போடுவதற்குக் கால் மணி முன்பிலிருந்து காப்பி, குளிர்பானம் கூடாது. அவற்றின் புளிப்பு நிகோடினை உறிஞ்ச விடாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பலன் எவ்வளவு? ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 300-க்கும் அதிகமான பரிசோதனைகளை காக்ரேன் அமைப்பு 2023-இல் ஒன்றாக எடைபோட்டது. ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்துப் பார்க்கும்போது, மருந்தில்லாமல் நிறுத்திய நூறு பேரில் 6 பேர் புகைக்காமல் நின்றிருந்தார்கள். சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஏதாவது ஒன்று மட்டும் பயன்படுத்தினால் 8, 9 பேர். பட்டையும் சூயிங்கமும் சேர்த்தால் 12 பேர். வரெனிக்லின் மாத்திரை எடுத்தால் 14 பேர். பட்டையைக் காலையில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்க ஒரே சீராக நிகோடின் தரும். அலை வரும் நேரத்துக்குச் சூயிங்கம். இரண்டையும் சேர்ப்பதற்குப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சிகரெட்டின் தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும். வரெனிக்லினை மருத்துவர் சீட்டுடன் நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுப்பார்கள். அது மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் முன்பு இருந்தது. 8,144 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளிவந்த பெரிய பரிசோதனை குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து எதையும் காணவில்லை. இ-சிகரெட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை, 2019 முதல் அது இந்தியாவில் சட்டப்படி தடை.

நூற்றில் 14 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒரே ஒரு முயற்சியின் எண் அது. கனடாவின் ஒண்டாரியோவில் 1,277 பேரை மூன்று ஆண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வு, வெற்றிகரமாக நிறுத்த சராசரியாக 30 அல்லது அதற்கும் மேற்பட்ட முயற்சி ஆகலாம் என்று கணித்தது. ஐந்தாறு முறை தவறியவர் தன்னை இயலாதவராக எண்ணிக்கொள்ள இதில் இடமே இல்லை. துணையின்றி நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் பற்ற வைப்பது முதல் எட்டு நாளுக்குள். பணமும் கவனமும் விடுப்பும் எங்கே போட வேண்டும் என்பதை அந்த எட்டு நாள் சொல்கிறது.

‘கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கறேன்’ என்பவர்களுக்கு ஒரு எண். 2016-இல் இங்கிலாந்தில் 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியது. மற்றது குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியது. இரண்டு குழுவுக்கும் நிகோடின் மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறைத்தவர்களில் 15.5 சதவீதமும் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 சதவீதமும் நின்றிருந்தார்கள். தேதி குறித்து நிறுத்துவதே நல்லது என்பது என் முடிவு.

பீடிக்குப் பொருந்தாத கணக்கு

மேலே எழுதிய பணக் கணக்கு சிகரெட் பிடிப்பவருக்கு மட்டும்தான் லாபம் காட்டும். 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். தினமும் சிகரெட் பிடிப்பவரின் மாதச் செலவு அப்போது சராசரியாக 1,192.50 ரூபாய், பீடி பிடிப்பவருக்கு 284.10 ரூபாய். நாளுக்கு ஒன்பதரை ரூபாய். இன்று அது இரண்டு மடங்காகியிருக்கிறது என்று வைத்தாலும் 20 ரூபாய்க்குள்தான். அவரிடம் நாளுக்கு 120 ரூபாய் சூயிங்கம் வாங்கச் சொல்ல முடியாது. 12 வார மருந்து அவருக்கு ஓராண்டுக்கும் மேலான பீடிச் செலவு.

ஆனால் பீடி உடம்பிடம் மலிவாக வாங்குவதில்லை. 2008-இல் வெளிவந்த இந்தியாவின் பெரிய ஆய்வொன்று, பீடி பிடிக்கும் ஆண் சுமார் 6 ஆண்டும், பெண் சுமார் 8 ஆண்டும், சிகரெட் பிடிக்கும் ஆண் சுமார் 10 ஆண்டும் ஆயுளில் இழப்பதாகக் கண்டது. மூட்டை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர், வயலில் நிற்பவர் வீட்டில் அந்த ஆறு ஆண்டு என்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு பையனின் படிப்பு.

அதே கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் 38.5 சதவீதம் பேர் முந்தைய 12 மாதத்தில் நிறுத்த முயன்றதாகச் சொன்னார்கள். முயன்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல் முயன்றவர்கள். நூற்றில் 6 என்ற வரிசையில்தான் இவர்கள் நிற்கிறார்கள்.

அரசின் பக்கம் வருவோம். 2017-18-இல் புகையிலையால் நாட்டுக்கு ஆன பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. மெல்லும் புகையிலையும் சேர்ந்த தொகை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.04 சதவீதம். நாட்டில் புகைப்பவர்கள் ஏறத்தாழ 10 கோடி. அவர்களில் ஒரு கோடிப் பேருக்கு 12 வாரச் சூயிங்கத்தைக் கடை விலைக்கே வாங்கி இலவசமாகக் கொடுத்தால் 7,056 கோடி ரூபாய், ஓராண்டு இழப்பில் 4 சதவீதம். நூற்றுக்கு 3 பேர் கூடுதலாக நிறுத்துவார்கள் என்று எடுத்தால் 3 லட்சம் பேர். தலைக்கு 2,35,200 ரூபாய். ஒரு மனிதருக்குப் பல ஆண்டு ஆயுள் திரும்பக் கிடைக்க ஆகும் மொத்தச் செலவு இது. 1994 முதல் மருந்துகளை மொத்தமாக ஏலத்தில் வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுத்து வரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்புகள் வாங்கினால் தொகை இன்னும் இறங்கும்.

வயதானவர்கள் ‘இனிமே விட்டு என்ன ஆகப் போகுது’ என்பார்கள். 1951-இல் தொடங்கி 50 ஆண்டு 34,439 பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இதற்கு வயதுவாரியாகப் பதில் வைத்திருக்கிறது. 30 வயதில் நிறுத்தினால் திரும்பக் கிடைப்பது 10 ஆண்டு. 40-இல் 9. 50-இல் 6. 60-இல் 3. அறுபதில் நான்கு வாரப் பாட்டுக்கு மூன்று ஆண்டு.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் அதே ஜன்னலில் நிகோடின் சூயிங்கமும் கிடைக்க வேண்டும். பீடி பிடிப்பவருக்கு முதலில் கிடைக்க வேண்டும். அதுவரை கையில் இருப்பது தொலைபேசி. தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண் 2016 மே மாதம் டெல்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை, குவாஹாட்டி என்று விரிந்தது. 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகி வருகிறது. நிறுத்தும் தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் எட்டு நாளுக்குள் ஒரு முறையாவது கூப்பிடுங்கள்: 1800-11-2356. கட்டணம் கிடையாது.